வண்டல் உண்ணும் மடவை

ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், விடியுமுன்பே கடற்கரையிலிருந்து புறப்பட்டு, மொபெட்டின் பின்புறத்தில் ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாகறலின் தெருத்தெருவாகக் குரல் கொடுத்துவரும் மீன்காரரிடம், முழங்கை நீளமுள்ள மடவை ஒன்றை வாங்கினேன். "மண்ணு திங்கிற மீனு சார் இது. குடலைச் சுத்தமா எடுத்துட்டு, வயித்துக்குள்ள இருக்கிற கருப்புத் தோலைத் தேய்ச்சுக் கழுவணும், இல்லன்னா சேத்து வாடை அடிக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த தெருவுக்குப் போனார். கொல்லைப்புறத்துக் கல்லின்மேல் மீனை வைத்து வயிற்றைக் கீறியபோது, அவர் சொன்ன கருந்தோல் உள்ளே மை பூசினாற்போல் படர்ந்திருந்தது. அதனடியில் மஞ்சள் நிறச் சினைப்பைகள் இரண்டும், சுருள்மேல் சுருளாக முடிவின்றி இழுபட்டு வந்த மெல்லிய குடலும், இவற்றிற்கு மேலே பம்பரத்தின் வடிவில் கெட்டியான ஒரு சதைக் கட்டியும் இருந்தன. அந்தக் கட்டியை இரண்டாக வகிர்ந்தேன். அதன் சுவர், கோழியின் வயிற்றில் காணும் அரைவைப்பையைப் போலவே தடித்து இறுகியிருந்தது. நடுவிலிருந்த சிறு துவாரத்திற்குள் சாம்பல் நிறக் குழம்பு சிறிது தங்கியிருந்தது. அதை விரலில் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன். நறநறவென்று மணல்.

தறியை விட்டு எழுந்து தண்ணீர் குடிக்க வந்த அண்டைவீட்டுப் பெரியவர், நான் வெட்டி எறிந்திருந்த செவுளை ஒரு குச்சியால் விரித்துப் பார்த்துவிட்டு, "இது என்ன சார், தறி அச்சாட்டம் இருக்குது!" என்றார். அறுபது வருஷமாக அச்சில் இழை கோத்துக் கோர்வைச் சேலை நெய்தவருடைய கண் அது, தவறாகப் பார்க்காது. செவுள் வளைவின் உட்புறத்தில், ஒன்றோடொன்று நெருங்கி, ஒரே சீராக, நூற்றுக்கணக்கில் மெல்லிய பற்கள் நின்றன. அந்த அச்சுப் பற்களும், அந்தப் பம்பரக் கட்டியும், அந்த முடிவற்ற குடலும் சேர்ந்து செய்யும் தொழில் ஒன்றே: சேற்றைச் சோறாக்குவது.

மடவை என்று நம் கடற்கரையார் பொதுவாக அழைக்கும் கூட்டத்தில் பல இனங்கள் உண்டு. அவற்றுள் தலையானதற்கு, ஸ்வீடன் தேசத்து இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1758-இல் முகில் செஃபாலஸ் என்று பெயர் வைத்தார். முதற்சொல் இவ்வின மீன்களுக்கு லத்தீனில் வழங்கிய பெயர். இரண்டாவது, கிரேக்க மொழியில் தலையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. மேலே தட்டையாகவும் அகலமாகவும் அமைந்த அதன் தலையைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் விளங்கும். முகில் என்பது நம் மொழியில் மேகத்தைக் குறிப்பது வெறும் ஒலி ஒற்றுமைதான். ஆயினும் மேகம் திரண்டு பருவமழை இறங்கும் காலத்தில்தான் இந்த மீனின் வாழ்க்கையில் பெரிய காரியங்கள் நடக்கின்றன என்பதை அறிந்த பிறகு, அந்த ஒற்றுமையை மறக்க எனக்கு மனம் வரவில்லை. பூமத்திய ரேகைக்கு வடக்கிலும் தெற்கிலும் ஏறத்தாழ 42 பாகை வரையில், உலகின் வெப்பக் கடற்கரைகளிலும் மிதவெப்பக் கடற்கரைகளிலும் இது பரவியிருக்கிறது. இத்தனை தூரம் பரவிய ஒன்றை ஒரே இனமென்று கொள்வது சரிதானா, ஒன்றுபோல் தோன்றும் பல இனங்கள் இப்பெயருக்குள் ஒளிந்திருக்கின்றனவா என்னும் கேள்வியை மரபணு ஆராய்ச்சியாளர்கள் இப்போது எழுப்பியிருக்கிறார்கள். நம் பக்கத்து மீன்களை முறையாகப் படம் வரைந்து விவரித்த பிரான்சிஸ் டே, சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்தவர். 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அவருடைய 'இந்திய மீன்கள்' நூலில், லத்தீன் பெயர்களோடு நம் மீனவர் வாயில் வழங்கும் பெயர்களையும் சேர்த்தே பதிந்து வைத்தார். இந்த மரியாதையைப் பிற்காலத்து நூல்கள் பலவும் காட்டவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

உருவத்தில் மடவை, நெசவுக் குழலைப் போல் நடு பருத்து இரு முனையும் ஒடுங்கியது. வெள்ளி நிறத்தில் பெரிய செதில்கள், அவற்றின் வரிசையை ஒட்டி நெடுகக் கருங்கோடுகள். முதுகில் துடுப்புகள் இரண்டு ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும். முன்னதில் நான்கே முட்கள். பெரும்பாலான மீன்களின் விலாவில் ஓடும் உணர்வுக் கோடு இதன் உடலில் தெரிவதில்லை. கண்ணின்மேல் முன்னும் பின்னுமாகக் கண்ணாடி போன்ற கொழுப்பு இமை படர்ந்து, நடுவில் ஒரு பிளவு மட்டும் விட்டிருக்கும். சந்தையில் மடவையை அடையாளம் காண விரும்புவோர் இவற்றோடு இந்த இமையையும் பார்க்க வேண்டும்.

கடலின் அடியில் இரை தேடும் மீன்கள் அநேகம். நவரை, மோவாயிலுள்ள இரண்டு மீசைகளால் மணலைத் துழாவி, மறைந்திருக்கும் புழுவையும் கூனியையும் ருசி பார்த்தே கண்டுபிடிக்கும். நாக்கு மீன், குஞ்சாக இருக்கையில் மற்ற மீன்களைப் போல் இருபுறமும் கண் உடையதாயிருந்து, வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கம் வந்து சேர, அதன்பின் வாழ்நாள் முழுவதும் தரையோடு தரையாகப் படுத்துக் கிடக்கும். கிழங்கான், ஆபத்து வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். திருக்கை தன் இரு செட்டைகளால் மணலை விசிறிக் குழி பறித்துச் சிப்பியை நொறுக்கும். இவையெல்லாம் தரையில் வாழும் பிராணிகளைத் தேடுகின்றன. தரை அவற்றுக்கு வேட்டைக்காடு. மடவைக்கோ தரையே ஆகாரம். கடற்கரை மீன்களில் அதற்கு நான் கொடுக்கும் தனியிடத்திற்குக் காரணம் இதுதான்.

நீர் வற்றும் வேளையில், கழிமுகத்தின் ஆழமற்ற சேற்றுத் தரையில், கூட்டமாக வரும் மடவைகள் தலையைச் சாய்த்து, வாலை உயர்த்தி, மேல் உதட்டால் சேற்றின் மேற்படலத்தை மட்டும் மெதுவாகச் சீவியெடுத்துச் செல்லும். ஆழத் தோண்டுவதில்லை, பாலின்மேல் ஆடையை எடுப்பதுபோல் அரைவிரல் கனம்கூட இல்லாத ஒரு படலத்தையே எடுக்கின்றன. வாய்க்குள் சென்ற சேறு அப்படியே வயிற்றுக்குப் போய்விடுவதுமில்லை. தொண்டையின் இருபுறமும், செவுளின் அச்சுப் பற்களோடு சேர்ந்தாற்போல், மெத்தென்ற சல்லடை உறுப்பு ஒன்று உண்டு. அது வாய்க்குள் வந்ததைக் கசக்கி, அளைந்து, பருமணலையும் வேண்டாத நீரையும் பிரித்துவிடுகிறது. பிரிந்த பருமணலை மீன் வாய்வழியாகவும் செவுள்வழியாகவும் புகைபோல் வெளியே ஊதித் தள்ள, நுண்ணிய வண்டல் மட்டும் உள்ளே இறங்குகிறது.

வண்டலோடு சிறிது மணலும் இறங்குகிறது, இறங்க வேண்டும். மடவையின் வாயில் இருப்பவை பற்களென்று சொல்லத் தயங்கும் அளவுக்குச் சிறிய மயிரிழைகள். அவற்றால் எதையும் மெல்ல முடியாது. மெல்லும் வேலையை அந்தப் பம்பரக் கட்டி ஏற்கிறது. இரைப்பையின் பின்பகுதியான அது, தடித்த தசையால் இறுகி இறுகிச் சுருங்கும்போது, உள்ளே கிடக்கும் மணற்பரல்கள் அம்மியும் குழவியுமாக நின்று இரையை அரைக்கின்றன. தானியம் கொத்தும் பறவைகள் சிறு கற்களை விழுங்குவது எதற்காகவோ அதற்காகவே இதுவும் மணலை விழுங்குகிறது. கல்லின்மேல் கோழியின் உறுப்பைக் கண்டதுபோல் எனக்குத் தோன்றியது பொய்த்தோற்றமன்று: பறவைக் குலமும் மீன் குலமும் ஒன்றையொன்று பாராமலே, ஒரே தேவைக்கு ஒரே உபாயத்தை வந்து அடைந்திருக்கின்றன. அரைபட்டது நீண்ட குடலுக்குள் செல்கிறது. மாமிசம் தின்னும் மீனுக்குக் குடல் தன் உடல் நீளத்தைத் தாண்டாது. மடவையின் குடலோ உடலின் நீளத்தைப் போலப் பல மடங்கு. சத்துக் குறைந்த ஆகாரத்திலிருந்து கடைசித் துளி சாரத்தையும் பிழிந்தெடுக்க அவ்வளவு நீளம் வேண்டியிருக்கிறது.

சேற்றில் அப்படி என்ன சாரம் இருக்கிறது? வெயில் படும் கழிமுகச் சேற்றை, நீர் வடிந்த உடனே உற்றுப் பார்த்தால், அதன்மேல் பொன்னும் பழுப்பும் கலந்த மெருகு ஒன்று படிந்திருக்கும். அந்த மெருகு, டயாட்டம் எனப்படும் ஓரணு ஜீவிகளின் திரள். மணலுக்கும் கண்ணாடிக்கும் மூலமான சிலிக்காவினால் ஓடு செய்துகொண்டு, அதற்குள் பச்சையத்தை வைத்துச் சூரிய ஒளியில் உணவு சமைக்கும் இவை, பகலில் நீர் வடிந்ததும் சேற்றின் மேலே ஏறி வந்து வெயில் காய்ந்து, நீர் மீண்டும் ஏறுமுன் கீழே இறங்கிவிடும் சுபாவம் உடையவை. இவற்றோடு, ஆறு கொண்டுவந்த இலையும் தழையும் மக்கி, அந்த மக்கலின் ஒவ்வொரு துணுக்கின்மீதும் பாக்டீரியாக்கள் குடியேறி அதைப் போஷாக்குள்ளதாக்கி வைத்திருக்கின்றன. செத்த இலையில் புரதம் சொற்பம். அதை மூடியிருக்கும் நுண்ணுயிர்ப் படலத்திலோ புரதம் நிறைய. ஆகவே மடவை தின்பது மண்ணையன்று, மண்ணின்மேல் விளைந்த பயிரை.

கணக்கு ஒன்றைப் பார்ப்போம். ஓர் உயிரைத் தின்று மற்றோர் உயிர் வளரும் ஒவ்வொரு படியிலும், உண்டதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே உடலாகச் சேர்கிறது. மிச்சம் மூச்சிலும் அசைவிலும் செலவாகிவிடுகிறது. 1,000 கிலோ நுண்பாசியைத் தின்னும் சிறு பிராணிகள் 100 கிலோ. அவற்றைத் தின்னும் சிறுமீன்கள் 10 கிலோ. அவற்றைத் தின்னும் வஞ்சிரம் 1 கிலோ. மடவையோ நடுவிலுள்ள படிகளைத் தாண்டி, நேரே முதற்படியில் வாய் வைப்பதால், அதே 1,000 கிலோவிலிருந்து 100 கிலோ மீன் கிடைக்கலாம். இது தோராயக் கணக்கே. இயற்கை இவ்வளவு நேர்கோட்டில் நடப்பதில்லை. எனினும், விருந்தென்றால் வஞ்சிரம், ஏழை வீட்டுக் குழம்புக்கு மடவை என்று நாம் வகுத்து வைத்திருக்கும் மதிப்பு, கடலின் கணக்குப்படி தலைகீழானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

மடவையின் வாழ்வு முழுவதும் சேற்றிலேயே கழிவதில்லை. இரண்டு மூன்று ஆண்டுகள் கழிமுகத்திலும் காயலிலும் தின்று கொழுத்து, சினை முற்றியபின், அது கூட்டம் கூடிக் கடலை நோக்கிப் புறப்படுகிறது. ஒடிசாவின் சிலிகா ஏரியிலிருந்து இவை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் கடலுக்கு வெளியேறுவதை அங்குள்ள மீனவர் தலைமுறை தலைமுறையாக அறிவர். வடகிழக்குப் பருவமழையில் ஏரிகளும் ஆறுகளும் பெருகி முகத்துவாரங்கள் திறக்கும் காலம் நம் கரையிலும் அதுவே. கரையை விட்டு விலகிய கடல்நீரில் பெண் மீன் ஒன்று லட்சக்கணக்கில், பெரிதாயின் இருபது லட்சத்திற்கும் மேல், முட்டைகளைச் சொரிகிறது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான விட்டமுள்ளது; உள்ளே மிதவைபோல் ஓர் எண்ணெய்த் துளி. ஏறத்தாழ இரண்டு நாளில் பொரித்து, மிதக்கும் நுண்பிராணிகளை உண்டு, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்திற்கு வளர்ந்த குஞ்சுகள், கரையோரமாக நீந்திவந்து முகத்துவாரத்தின் வாயிலில் திரள்கின்றன. உள்ளே நுழைந்தபின்தான் அவை சேற்றின் ருசியைக் கற்கின்றன: குடல் நீள்கிறது, அரைவைப்பை தடிக்கிறது, வேட்டைக் குஞ்சு மேய்ச்சல் மீனாகிறது.

உப்பு நீருக்கும் நன்னீருக்கும் இடையே இப்படிப் போய்வருவது எளிய காரியமன்று. கடலில் இருக்கும் மீனின் உடலிலிருந்து நீர் வெளியே கசிந்துகொண்டேயிருக்கும்; ஆகவே அது கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுளிலுள்ள தனி அணுக்களின் வழியே வெளியேற்றியாக வேண்டும். நன்னீரில் நிலைமை நேர்மாறு: நீர் உள்ளே புகும், உப்பு வெளியேறும், அப்போது சிறுநீரகம் நீரை இறைத்துக் கொட்ட, அதே செவுள் உப்பைத் தேடிப் பிடித்து உள்ளே சேர்க்க வேண்டும். மடவை இவ்விரண்டையும் செய்யும். கோடையில் கடலைக் காட்டிலும் இருமடங்கு உப்பேறிப்போன காயலிலும் பிழைத்திருக்கும். சென்னை மாகாணத்து மீன்துறையினர் 1940-களிலேயே உவர்நீர் மீன்களை நன்னீர்க் குளங்களில் வளர்த்துப் பார்த்ததற்கு இந்தச் சகிப்புத்தன்மையே தைரியம் அளித்தது. ஆனால் நன்னீரில் எவ்வளவு கொழுத்தாலும் அது அங்கே முட்டையிடாது. சந்ததிக்குக் கடல் வேண்டும்.

இந்தப் பிரயாணத்தை மீன் தன் செவிக்குள் எழுதி வைக்கிறது. உட்செவியிலுள்ள சிறு சுண்ணக் கல்லில், மரத்தின் வளையங்களைப் போல் ஆண்டுதோறும் படலங்கள் சேர்கின்றன. ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் கடல்நீரில் மிகுதி, ஆற்றுநீரில் குறைவு. ஆதலால் ஒவ்வொரு படலத்திலும் அதன் அளவைச் சோதித்தால், அந்த மீன் எந்த வயதில் எந்த நீரில் இருந்தது என்று சொல்லிவிடலாம். தைவானில் இவ்வாறு சோதித்தபோது, சில மடவைகள் ஆற்றுநீர்ப் பக்கமே போகாமல் வாழ்ந்திருப்பது தெரியவந்தது. ஒரே கூட்டத்து மீன்களுள்ளும் ஆற்றை நாடுவன சில, நாடாதன சில.

கழிமுகத்தருகே நின்றவர் எவரும் கண்டிருக்கக்கூடிய காட்சி, மடவையின் துள்ளல். அமைதியான நீர்ப்பரப்பைக் கிழித்துக்கொண்டு எழும்பி, பக்கவாட்டில் சாய்ந்து, பட்டென்று விழும். சில வேளை ஒரே மீன் மூன்று நான்கு முறை. வலைக்கும் பெருமீனுக்கும் தப்பத் துள்ளுகிறது என்பது உண்மையே. ஆனால் துரத்துவார் எவருமில்லாத போதும் துள்ளுகிறதே? 1985-இல் ஹோஸ் என்னும் அமெரிக்க ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார்: சேற்றுக்கருகில் பிராணவாயு குறைவு, ஆகவே துள்ளும்போது தொண்டையின் மேலறையில் காற்றை நிரப்பிக்கொண்டு, அடியில் மேயும் வேளையில் அதிலிருந்து மூச்சுக்குப் பெறுகிறது என்பது அவருடைய கருத்து. அது கருத்தாகவே இன்னும் இருக்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது என்பதற்காக மெய்யென்று எழுத மாட்டேன்.

இனி ஆற்றுக்கு வருகிறேன். ஜவ்வாது மலையில் பிறந்து, ஞானசம்பந்தரால் பாடப்பெற்ற மாகறல் ஆலயத்தின் அருகே ஓடும் எங்கள் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. வீரராஜேந்திர சோழனின் கல்வெட்டில் ஆதுலசாலை என்னும் மருத்துவமனை ஒன்று விவரிக்கப்பட்டிருக்கும் அதே திருமுக்கூடல்தான். மூன்றும் ஒன்றாகி, செங்கற்பட்டைக் கடந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வயலூர் அருகில் கடலை அடைகின்றன. ஆற்றிலே நீர் வரும் ஆண்டுகளில், மலைச்சரிவின் மண்ணும், எங்கள் வயல்களின் தாளும், இக்கரை மரங்களின் இலையும் அந்த நீரோடு போய் முகத்துவாரத்தில் வண்டலாகப் படிகின்றன. நெய்தல் என்னும் ஒரே ஒலி எங்கள் தொழிலையும் கடற்கரை நிலத்தையும் குறிப்பது மொழியின் விளையாட்டு. எங்கள் ஆற்றங்கரைக்கும் அந்தச் சேற்றுக்கும் உள்ள உறவு விளையாட்டன்று: உழவன் மகன் கரையில் உதிர்த்த வேப்பிலை, மக்கி, டயாட்டத்துக்கு உரமாகி, மடவையின் சதையாகி, ஐஸ் பெட்டியில் ஏறி எங்கள் தெருவுக்குத் திரும்புகிறது.

நீர் வராத ஆண்டுகளே பல. வெள்ளம் உந்தாவிட்டால், கடலலை தள்ளிவரும் மணல் முகத்துவாரத்தை அணைபோல் அடைத்துவிடும். வாசலில் திரண்ட குஞ்சுகள் வாசல் திறக்காமலே பெருமீனுக்கு இரையாகும். உள்ளே அகப்பட்ட பெரிய மீன்கள் கடலுக்குப் போக வழியின்றிச் சினையைத் தம் உடலுக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். பாலாற்றிலும் செய்யாற்றிலும் பல்லாண்டுகளாக மணல் அள்ளி அள்ளி, ஓடும் ஆற்றைக் குழிகளின் வரிசையாக்கிவிட்டோம். வரும் சிறு வெள்ளமும் அந்தக் குழிகளை நிரப்புவதிலேயே தீர்ந்துவிடுகிறது. வயலூர்ப் பக்கத்தில், கடல்நீர் உள்ளேறிக் கிணறுகள் கெடாமல் காக்க, அண்மை ஆண்டுகளில் தடுப்பணையும் எழுந்திருக்கிறது. உவர்ப்பேறிய கிணற்றைக் கண்டவன் எவனும் அதைக் குறைகூற மாட்டான், நானும் கூறவில்லை. ஆனால் அணை கட்டும்போது மீன் ஏறிப்போக ஒரு சரிவுப் பாதை வைப்பது பிற தேசங்களில் நூறாண்டுக்கு மேற்பட்ட வழக்கம்; நம் சிற்றணைகளின் திட்டத்தில் அந்தப் பாதைக்கு ஒரு வரி இடமாவது கேட்பது பேராசையாகாது.

செயற்கை இனப்பெருக்கம் இருக்கிறதே என்பார் உண்டு. இருக்கிறது. சினைக்குப் பெயர் போன தைவானில் 1960-களிலேயே ஊசி மருந்து செலுத்தி மடவையை முட்டையிடச் செய்தார்கள். அங்கும் ஜப்பானிலும் இத்தாலியிலும் உப்பிட்டு உலர்த்திய அதன் சினை பொன்விலை விற்கும் பண்டம். சென்னையில் 1987-இல் தொடங்கப்பெற்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தாரும், முட்டுக்காட்டு ஆய்வுக்கூடத்தில் நெடுநாள் முயன்று, அடைத்து வளர்த்த மடவையிலிருந்து குஞ்சு பொரிக்கச் செய்து காட்டியிருக்கிறார்கள். பாராட்டத்தக்க காரியம், பண்ணைக்காரருக்குக் குஞ்சு கிடைக்கும். ஆயினும் கழிமுகத்துச் சேற்றில் பயிர் விளைவிக்க ஊசி மருந்து இல்லை. அதற்கு ஆற்றுநீர் வந்தாக வேண்டும்.

அன்று மீனைக் கழுவிய நீரை வாழையடியில் ஊற்றியபின், கல்லின் பள்ளத்தில் ஒரு சிட்டிகை மணல் தங்கியிருந்தது: மூன்று நான்கு வெண்பரல், கறுப்பாக ஒன்று, மற்றவை மாவுபோல். அது எந்த மலையின் மணல் என்று அறிய வழியில்லை. மறுவாரம் மழை பிடித்தது. மூன்றாம் நாள் இரவில் செய்யாற்றில் நீர் இறங்கிவிட்டதென்று சொன்னார்கள். காலையில் கரைக்குப் போனபோது, அண்டைவீட்டுப் பெரியவர் தறியைப் போட்டது போட்டபடி விட்டு, எனக்கு முன்பே வந்து நின்றுகொண்டிருந்தார். செம்மண் கரைந்த நீர், சருகும் நுரையுமாக, கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது.

"முக்கூடல் தாண்டிடுச்சா சார் இது?" என்று கேட்டார்.

"இந்நேரம் தாண்டியிருக்கும் ஐயா" என்றேன்.